சோற்றுப் பெட்டிக்கு வந்த விருந்து

நான் இதுவரை பார்த்த வேலைகளில் மரியாதையானது மூத்திரம் சுமந்த வேலைதான். அதற்கு முன் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் இருந்தேன். இடது கை நடுவிரல் நுனியை மிஷின் எடுத்துக்கொண்டது. மிச்சத்தை எடுத்துக்கொண்டு நான் வெளியே வந்துவிட்டேன். குஜராத்தில் போர்வெல் வண்டியில் ஒரு கோடை. புனலூரில் பரோட்டாவுக்கு மாவு பிசைந்தேன். திருப்பூரில் துணி மூட்டை தூக்கினேன். அங்கே மூன்று வாரம் பஸ் ஸ்டாண்டில்தான் படுக்கை. கொசுவைத் தவிர யாரும் தொந்தரவு செய்யவில்லை. எட்டாம் வகுப்பை இரண்டு வருஷம் படித்தேன். இரண்டாவது வருஷமும் அதே பாடத்தையே நடத்தினார்கள், அதனால் வந்துவிட்டேன். எந்த வேலையிலும் ஆறு மாதம் தாண்டியது கிடையாது. யாரும் என்னை விரட்டியது குறைவு. உள்ளங்காலில் ஏதோ ஊறும், பையைத் தூக்கிவிடுவேன்.

கொரோனா அடங்கிய பிறகு ராஜபாளையத்துக்கே திரும்பி வந்து சும்மா நின்றபோது, ஓர் ஆராய்ச்சிக்கு லோடு ஆட்டோ ஓட்ட ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்தது. தென்காசி ரோட்டில் பஞ்சு மூட்டை அடுக்கிவைத்த ஒரு பழைய கிட்டங்கியை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். வாசலில் பெரிய போர்டு. மனிதரின் உடம்பு, உண்ணும் சாப்பாடு, விளையும் மண் மூன்றுக்கும் உள்ள தொடர்பை மூன்று துறைகள் சேர்ந்து ஆராய்கின்றன என்று அதில் எழுதியிருந்தது. மூன்று துறைக்கும் மூன்று பேர். உடம்புக்கு ஒரு டாக்டர், திருநெல்வேலிக்காரர், பெரியவர், எல்லாவற்றுக்கும் அவர்தான் தலைமை. மண்ணுக்கு ஒரு சார், எப்போதும் பாக்கெட்டில் ஏதாவது மண் வைத்திருப்பார். சாப்பாட்டுக்குக் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண், டாக்டர் பட்டத்துக்காகப் படித்துக்கொண்டிருந்தவர். ஊர்க்காரர்கள் ஒரே வாரத்தில் மூன்று பேருக்கும் பெயர் வைத்துவிட்டார்கள். மூத்திர டாக்டர், மண் சார், சோற்று மேடம்.

மூன்று பேருக்கும் தனித்தனி அறை, தனித்தனி ஃபேன். ஒருவர் அறைக்குள் இன்னொருவர் போய் நான் பார்த்ததில்லை. ஏதாவது கேட்க வேண்டுமானால் என்னிடம் சொல்லி அனுப்புவார்கள். என் வண்டியில் மூன்று ஐஸ் பெட்டிகள் இருந்தன. சிவப்பில் சோறு, நீலத்தில் மண், மஞ்சளில் இருந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று துறையும் சேர்ந்தது அந்த வண்டியில்தான்.

கிட்டங்கியின் பின்பக்கம் ஃப்ரீசர் வைத்திருந்த அறையிலேயே எனக்கும் படுக்க இடம் கொடுத்தார்கள். உள்ளே தாழ்ப்பாள் உண்டு. பல வருஷத்துக்குப் பிறகு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுத் தூங்கினேன். கழுத்தில் மாட்ட, போட்டோ வைத்த ஒரு அட்டையும் கொடுத்தார்கள். ராத்திரி ரோட்டில் நடந்தால் போலீஸ் நிறுத்தி எங்கே போகிறாய் என்று கேட்பது அதோடு நின்றது. ஆறு மாதம் தாண்டியது. கால் ஊறவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஆராய்ச்சி நடந்த ஊர் மம்சாபுரம். அங்கே ஒரு மகளிர் குழுவில் முப்பது பெண்கள். எல்லாரும் நூறு நாள் வேலைக்கும் காட்டு வேலைக்கும் போகிறவர்கள். குறித்த ஒரு நாளில் அவர்கள் என்ன சாப்பிடுகிறார்களோ, அதே அளவு இன்னொரு பங்கை ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் போட்டுவைக்க வேண்டும். அன்று முழுக்கப் போகும் மூத்திரத்தை ஒரு கேனில் பிடித்துவைக்க வேண்டும். மறுநாள் காலை நான் போய் இரண்டையும் வாங்கி வருவேன். மண் சார் அவர்கள் வேலை செய்யும் வயல்களில் மண் எடுத்துக்கொள்வார். அவ்வளவுதான் ஆராய்ச்சி.

முதல் கூட்டம் சமுதாயக் கூடத்தில் நடந்தது. சோற்று மேடம் எழுந்து விளக்கினார்.

“நீங்க ஒரு வாய் சாப்பிட்டா, பெட்டிக்கும் ஒரு வாய் வெக்கோணுங்க. நீங்க ரெண்டு இட்லி தின்னா பெட்டிக்கும் ரெண்டு இட்லி. அவ்வளவுதானுங்க.”

“அப்ப பெட்டியும் எங்ககூட உக்காந்து சாப்பிடும். அதுக்குத் தண்ணி வைக்கணுமா?” என்று ஒரு பெண் கேட்டார்.

“விக்குனா தலையில தட்டி விடணும்ட்டி” என்றார் இன்னொருவர்.

சிரிப்பு அடங்கியதும் குழுத் தலைவி எழுந்தார். ஐம்பது தாண்டியவர், ஒல்லி, குரல் மட்டும் கனம். அவர் சரி என்றால் முப்பது பேரும் சரி, இல்லை என்றால் முப்பது பேரும் இல்லை.

“இதை யாரு திங்கப்போறா?”

“யாரும் திங்க மாட்டாங்க. மிக்ஸில அரைச்சு, காய வெச்சு, பொடியாக்கி, அதுல எவ்வளவு சத்து இருக்குதுன்னு பாப்போமுங்க.”

“சோத்தை அரைச்சுப் பொடியாக்குவியளா?” தலைவியின் முகம் மாறிவிட்டது. “அன்னத்தை யாராச்சும் அப்படிப் பண்ணுவாகளா? எந்திரிங்கட்டி, போவோம்.”

பெண்கள் எழ ஆரம்பித்தார்கள். சோற்று மேடத்தின் கண் கலங்கியது. எனக்கு வேலை வண்டி ஓட்டுவது மட்டும்தான். ஆனால் கூட்டம் கலைந்தால் வண்டிக்கும் வேலை இல்லை என்று தோன்றியது. வாசலில் நின்றபடியே சத்தம் போட்டுச் சொன்னேன்.

“யக்கா, செத்த நேரம் இருங்க. பொடியாக்குறது எல்லாம் பொறவு. மொதல்ல மெட்ராஸ்ல பெரிய பெரிய ஆளுக உக்காந்து, இந்தப் பெட்டியைத் தொறந்து பாப்பாக. பெட்டி மேல மம்சாபுரம்னு ஒட்டிப் போகுது. ஊரு பேரை நீங்கதான் காப்பாத்தணும்.”

தலைவி என்னைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். உட்கார்ந்தார். முப்பது பேரும் கையெழுத்துப் போட்டார்கள். திரும்பி வரும்போது சோற்று மேடம், “அண்ணா, நீங்க இல்லீனா இன்னைக்குக் கூட்டம் கலைஞ்சே போயிருக்குங்க” என்றார். நான் பெருமையாக ஹாரன் அடித்தேன்.

முதல் வாரத்திலிருந்தே சிவப்புப் பெட்டி மணக்க ஆரம்பித்தது. வண்டியை நான் ஓட்டினேனா, அந்த வாசனை ஓட்டியதா தெரியாது. பெட்டியோடு ஒரு சீட்டும் வரும், சாப்பிட்டதை அதில் எழுதியிருப்பார்கள். “காலை: இட்லி, வடை, கேசரி. மதியம்: கோழிக் குழம்பு, முட்டை, ரசம், அப்பளம், பாயசம். இரவு: பூரி, கிழங்கு, பால்கோவா.” பால்கோவா ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தது, கடைத் தாளோடு பெட்டிக்குள் இருந்தது. ஐந்து வீட்டுக் கோழிக் குழம்பிலும் உப்பு கொஞ்சமும் வித்தியாசம் இல்லாமல் ஒரே அளவில் இருப்பதாகச் சோற்று மேடம் வியந்து எழுதிவைத்தார். முதல் வாரம் வண்டிக்குக் குறுக்கே ஓடிய சேவல்கள் மூன்றாவது வாரம் ஓடவில்லை. வண்டிக்குப் பழகிவிட்டன என்று நினைத்தேன். நான் ஊரில் இல்லாத காலத்தில் ஜனங்கள் நன்றாகத்தான் வாழ்ந்திருக்கிறார்கள், நான்தான் கிடந்து அலைந்திருக்கிறேன் என்றும் தோன்றியது.

இரண்டு மாதம் கழித்து முடிவுகள் வந்தன. டாக்டர் முதல் தடவையாகச் சோற்று மேடத்தின் அறைக்குள் போனார். கையில் இரண்டு தாள். கறியும் முட்டையும் பருப்பும் தின்றால் அது மூத்திரத்தில் கணக்குக் காட்டிவிடுமாம். மம்சாபுரத்து மூத்திரத்தில் அப்படி எதுவும் இல்லை.

“இந்தப் பெட்டியில இருக்கிறதைத் தின்னவங்களோட மூத்திரம் இது இல்ல” என்றார் டாக்டர்.

“எங்க பெட்டி சரியா இருக்குதுங்க சார். உங்க கேன்லதான் ஏதாவது கோளாறு இருக்கோணும்.”

“என் கேன் இருபது வருஷமா கேன்தான். அதுல ஒரு கோளாறும் இல்ல.”

சத்தம் கேட்டு மண் சாரும் வந்தார். மூன்று பேரும் ஒரே அறையில் நின்று அன்றுதான் பார்த்தேன். அரைமணி நேரம் விவாதித்தார்கள். அதன் முடிவில் மூன்று துறைகளும் முதல் தடவையாக ஒரே கருத்துக்கு வந்தன. தப்பு டிரைவர் மேல்தான்.

டாக்டர் என்னைக் கூப்பிட்டார். “நீரு லேபிளை மாத்தி ஒட்டியிருக்கணும். இல்லேன்னா பெட்டியில இருக்கிறதை வழியில எடுத்துத் தின்னுட்டு, எங்கயாச்சும் ஓட்டல்ல வாங்கிப் போட்டிருக்கணும்.”

“ஐயா, ஓட்டல்ல வாங்குற காசு இருந்தா அதையே தின்னுருப்பேனே.”

அவர் சிரிக்கவில்லை. “இது வெளங்கலேன்னா இந்தம்மாவோட மூணு வருஷப் படிப்பு வீணாப் போவும். பதினஞ்சு நாள் தாரேன். அதுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு தெரியணும். தெரியலேன்னா வேற டிரைவர் பாத்துக்கிடுதேன்.”

வழக்கமாக இந்த இடத்தில் நான் பையைத் தூக்கிவிடுவேன். திருட்டுப் பட்டம் எனக்குப் புதிது இல்லை. மில்லிலும் ஒரு தடவை கிடைத்தது, கடைசியில் எடுத்தவன் வேறொருவன். ஆனால் அன்று பையைத் தேடவில்லை. தாழ்ப்பாளை நினைத்தேன். வண்டியை எடுத்துக்கொண்டு மம்சாபுரம் போனேன்.

தலைவி வீட்டு வாசலில் தன் ஆடுகளுக்குச் சோளத்தட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

“ஏலே, கோழியை நாங்க எங்கல தின்னோம்? அஞ்சு வீடு சேந்து ஒரு சேவலை அடிச்சோம். கறித்துண்டை எல்லாம் பெட்டிக்கு வச்சோம். மிச்சத்தைப் பிள்ளைக பிடுங்கித் தின்னுருச்சுக. நாங்க எப்பவும்போல ரசத்தை ஊத்திக்கிட்டோம்.”

“யக்கா, நீங்க திங்குறதைத்தான வைக்கச் சொன்னாக?”

“வெளிய அனுப்புறதுல நாங்க திங்குறதை வைப்பாகளா? நீ ஒரு வீட்டுக்குப் போற. அந்த வீட்டுக்காரி வெறும் ஊறுகாயை வச்சா உனக்குச் சோறு போடுவா? ஊரு பேரைக் காப்பாத்தச் சொன்னது யாரு? நீதானல வாசல்ல நின்னு கத்துன. இந்தப் பால்கோவாவுக்கு நான் பஸ்ல நின்னுக்கிட்டே போயிட்டு வந்தேன், தெரியும்ல?”

எத்தனையோ ஊரில் எத்தனையோ வீட்டில் சாப்பிட்டவன் நான். முன்பின் தெரியாத ஆள் வாசலுக்கு வந்தால் இந்த வட்டார வீடுகளில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு முட்டை வரும், ஒளித்துவைத்த அப்பளம் வரும், வீட்டுக்காரர்கள் அப்புறம் சாப்பிடுவதாகச் சொல்வார்கள். அதையெல்லாம் தின்றுவிட்டுத்தான் வளர்ந்தேன். அந்தப் பெட்டியை நானே முப்பது வீட்டுக்கும் விருந்தாளியாக அனுப்பியிருந்தேன்.

திரும்பி வந்து சோற்று மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரிடம் சொல்லும் தைரியம் வரவில்லை. மேடம் தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, “இன்னொரு தடவை பண்ணுவோமுங்க அண்ணா. இந்தத் தடவை நீங்க வண்டிய விட்டு எறங்கவே கூடாதுங்க” என்றார். டாக்டரிடமும் அவரே போய்ப் பேசினார். என் பேச்சை எடுக்காமல், ஊர் வழக்கம் என்று மட்டும் சொன்னார்.

நான் இறங்கவில்லை. இரண்டாவது கூட்டத்தில் மேடம் மட்டும் பேசினார். சத்தியமாக என்ன சாப்பிடுகிறீர்களோ அதை மட்டும் வையுங்கள், நல்ல சாப்பாடு வேண்டாம், யாரும் பெருமையாக நினைக்கப்போவதில்லை என்று மூன்று தடவை சொன்னார். நல்ல சாப்பாடு வேண்டாம் என்று ஆராய்ச்சி ஆபீஸ் கேட்கிறது என்றால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும் அல்லவா? கஞ்சி குடிக்கிற வீட்டுக்கு ஏதோ திட்டம் வருகிறது, கறவை மாடு கொடுக்கப்போகிறார்கள் என்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பேச்சு.

மறு வாரம் சிவப்புப் பெட்டிகளைத் தூக்கினால் கனமே இல்லை. திறந்து பார்த்தால் கஞ்சி. பக்கத்தில் ஒரு சின்ன வெங்காயம். முப்பது பெட்டியிலும் கஞ்சி, முப்பது வெங்காயம். ஒரு பெண் சீட்டில் இப்படி எழுதியிருந்தார்: “காலை: ஒன்றும் இல்லை. மதியம்: கஞ்சி. இரவு: மனசு சரியில்லை.”

மூத்திர முடிவும் வந்த பிறகு டாக்டர் அந்தச் சீட்டை இரண்டு தடவை படித்தார். “போன தடவை தின்னது மூத்திரத்துல வரல. இந்தத் தடவை திங்காதது வந்திருக்கு” என்றார். இரண்டு தடவையும் மூத்திரம் ஒரே மாதிரிதான் இருந்தது. மாற்றி மாற்றிப் பேசியது சோறுதான். “மூணாவது தடவை சரியா வரணும். வரலேன்னா சாப்பாட்டுப் பகுதியையே வெட்டிருவோம்” என்று மேடத்திடம் சொன்னவர், என் பக்கம் திரும்பி, “அதோட உமக்கும் சோலி முடிஞ்சது. சிவப்புப் பெட்டி இல்லேன்னா லோடு ஆட்டோ எதுக்கு? பைக் போதும்” என்றார்.

மறுநாள் காலை மண் மூட்டையை ஏற்றிக்கொண்டு மம்சாபுரம் ரோட்டில் வந்துகொண்டிருந்தேன். கண்மாயில் நூறு நாள் வேலைக்குப் போகும் குழுப் பெண்கள் மினி வேனுக்காகக் கூட்டமாக நின்றார்கள். எல்லார் கையிலும் மண்வெட்டி, தூக்குவாளி. பிரேக்கைப் போட்டேன். அந்தத் தூக்குவாளியில் இருப்பது யாருக்காகவும் சமைத்தது இல்லை. விடியுமுன் எழுந்து, கிடைத்ததைப் போட்டு, மூடி, தானே மரத்தடியில் உட்கார்ந்து தின்னப்போகிற சோறு. மெட்ராஸ்காரரும் பார்க்கப்போவதில்லை, மாடு கொடுப்பவரும் பார்க்கப்போவதில்லை. நேராகக் கிட்டங்கிக்கு வந்து மேடத்திடம் சொன்னேன். ஒரே நாளில், முன்கூட்டிச் சொல்லாமல் கண்மாய்க்குப் போக வேண்டும். தூக்குவாளியை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஆளுக்கு ஒரு பிரியாணிப் பொட்டலம் கொடுக்க வேண்டும்.

மேடம் என்னையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனார். டாக்டர் யோசித்தார். “சொல்லாம கொள்ளாம பிடுங்குறது விதிப்படி சரியில்லையே.”

“பிடுங்கலீங்க சார். அங்க போயி ஒவ்வொருத்தருகிட்டயும் கேட்டே வாங்கறமுங்க. முடியாதுன்னா விட்டரலாமுங்க.”

“சரி. ஆனா அன்னைக்குக் கேன் கொண்டுபோவாதேயும். பிரியாணி தின்ன மூத்திரத்துல பிரியாணிதான் இருக்கும். பழைய மூத்திரத்தோட ஒப்பிட்டுக்கிடலாம்.”

பதினோரு மணிக்குக் கண்மாய்க்குப் போனோம். தூக்குவாளிகள் எல்லாம் ஒரு கருவேல மர நிழலில் வரிசையாக இருந்தன. மேடம் விஷயத்தைச் சொன்னார். பிரியாணி வாசனை எனக்கு முன்பே இறங்கிப் போயிருந்ததால் விளக்கம் அதிகம் தேவைப்படவில்லை.

“இதை முன்னமே செஞ்சிருக்கலாம்ல? சேவலாச்சும் மிஞ்சிருக்கும்” என்றார் ஒரு பெண்.

மேடம் முதல் தூக்குவாளியை எடுத்துத் திருப்பி, அதில் வெட்டியிருந்த பெயரை நோட்டில் எழுதப்போனார். நான் தடுத்தேன். “மேடம், அது பாத்திரத்துக்காரி பேரு இல்ல. கல்யாணத்துக்குச் சீரா குடுத்த தாய்மாமன் பேரு. இதை எழுதுனா இருக்கங்குடியில இருக்கிற கெழவர் என்ன தின்னாருன்னுதான் வரும்.” அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு பேப்பர் டேப்பை எடுத்தார். மூடியின் மேல் நம்பர் மட்டும் எழுதி ஒட்டினோம்.

பதினாறு தூக்குவாளி வந்தது. பதினேழாவது வரவில்லை. அது தலைவியுடையது. அவர் அதை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு தள்ளிப்போய்க் கரையில் உட்கார்ந்துவிட்டார்.

“எனக்குப் பிரியாணி ஒத்துக்கிடாது” என்றார்.

அவர் கொடுக்கவில்லை என்று தெரிந்ததும், ஏற்கெனவே கொடுத்த ஒரு பெண் தன் தூக்கைத் திரும்ப எடுக்கக் குனிந்தார். மேடம் என்னைப் பார்த்தார். போன தடவை வண்டியை விட்டு இறங்கவே கூடாது என்று சொன்னவர், இப்போது போங்கள் என்று கண்ணாலேயே சொன்னார். நான் போய்த் தலைவிக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். பொட்டலத்தை இருவருக்கும் நடுவில் வைத்தேன்.

“திருப்பூர்ல மூணு நா வெறும் டீத்தண்ணியில கெடந்தேன் யக்கா. எவனாச்சும் கேட்டா கறிச்சோறு தின்னேன்னு சொல்லுவேன்.”

“அது உன் திமிரு.”

“ஆமா.”

அவர் தூக்குவாளியை முந்தானைக்குள்ளிருந்து எடுத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “மூடியைச் சுத்தி அந்தக் காயிதத்தை ஒட்டு. அவளுக தொறந்து பாக்கக் கூடாது. நீயும் பாக்கக் கூடாது. பாத்தேன்னு தெரிஞ்சுச்சு, மண்வெட்டியாலயே போடுவேன்” என்றார்.

மூன்று சுற்று டேப் ஒட்டினேன். பேர் இல்லை, ஊர் இல்லை, பதினேழு என்று மட்டும் எழுதினேன். அதைப் பார்த்ததும் மற்றவர்களும் தங்கள் தூக்கையும் சுற்றி ஒட்டச் சொன்னார்கள். கல்யாணத்துக்குப் போகிற சாமான் மாதிரி முப்பது தூக்குவாளியும் கட்டுப்போட்டு வண்டி ஏறின. தலைவி பிரியாணியைப் பிரித்து, முதல் வாயிலேயே, “உப்புக் கம்மி” என்றார்.

கிட்டங்கியில் டேப்பைப் பிரித்தது மேடம்தான். நான் வெளியே நின்றேன். பாத்திரங்களைக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தது மட்டும்தான் என் வேலை.

இந்த முறை முடிவு வந்தபோது டாக்டர் மறுபடியும் மேடத்தின் அறைக்குப் போனார். சத்தம் வரவில்லை. சோறும் மூத்திரமும் கடைசியாக ஒன்றையே சொல்லியிருந்தன. சோறு நிறைய, குழம்பு கொஞ்சம், பருப்பு பேருக்கு. மண் சாரும் தன் தாளைக் கொண்டுவந்தார். பயறு, உளுந்து, துவரை எதுவும் போடாமல் வருஷா வருஷம் மக்காச்சோளமே போடுவதால் மண்ணிலும் அதே சத்துத்தான் குறைகிறதாம். “மண்ணுல இல்லாதது தட்டுல இல்ல. தட்டுல இல்லாதது கேன்ல இல்ல” என்று பாக்கெட் மண்ணை எடுத்து மேஜையில் வைத்தார். டாக்டர் அதைத் துடைக்கச் சொல்லவில்லை. அதற்கு அப்புறம் மூன்று பேரும் ஒரே அறையில் உட்கார்ந்தார்கள். ஒரு ஃபேன்தான் ஓடியது.

சாயங்காலம் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். முதல் கூட்டத்தில் நான் கத்தியது அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டிருந்தது.

“நீரு இருக்கலாம். அடுத்த வருஷம் மகாராஜபுரத்துல நடக்குற ஆராய்ச்சிக்கும் நீருதான். ஒரே ஒரு நிபந்தனை. ஜனங்க முன்னால இந்த ஆராய்ச்சியைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது. நல்லதுக்கும் பேசக் கூடாது. பேசினா அன்னைக்கே கணக்கை முடிச்சிருவேன்.”

சரி என்றேன். பேசாமல் இருப்பது எனக்குப் பெரிய கஷ்டம், பட்டினியாவது பழகிவிடும்.

முடிவுகளைச் சொல்ல மறுபடியும் மம்சாபுரம் சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். நான் சுவரில் படத்தை மாட்டிவிட்டு அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன், ஆணி சரியில்லை. படத்தில் ஒன்றிலிருந்து முப்பது வரை நம்பர்கள், ஒவ்வொன்றின் மேலும் பச்சைக் கோடு. கோடு உயரமாக இருந்தால் அந்தத் தூக்குவாளியில் சத்து அதிகம். பெரும்பாலும் எல்லாம் குட்டைதான். பதினேழின் மேல் கோடே இல்லை. கீழே பேனா முனையால் குத்திய மாதிரி ஒரு புள்ளி.

டாக்டர் எதையும் ஒளிக்கத் தெரியாதவர். குச்சியால் அந்தப் புள்ளியைத் தொட்டார். “இந்த ஒரு தூக்குல சோறும் தண்ணியும் உப்பும் மட்டும்தான் இருந்துச்சு. பருப்பு இல்ல, காய் இல்ல, ஒண்ணும் இல்ல. இவங்க யாருன்னு நான் கேக்கல. ஆனா இப்படியே மண்ணு வெட்டுனா உடம்பு தாங்காது.”

முப்பது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

தலைவிதான் முதலில் வாயைத் திறந்தார். “யாரு தாயி அது? அடப் பாவமே! குழுவுல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? வெறும் சோத்தைக் கட்டிக்கிட்டு வந்து மண்ணு வெட்டுனாளா? எந்த மகராசியோ!” சொல்லிக்கொண்டே என்னை நேராகப் பார்த்தார்.

நான் படத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஆணியையே பார்த்தேன். பக்கத்து வரிசையில் இருந்த ஒரு பெண் என்னிடம், “டிரைவரண்ணே, நீங்கதான டேப்பு ஒட்டுனீக? யாருன்னு உங்களுக்குத் தெரியும்ல?” என்று கேட்டார்.

டாக்டரும் என்னைப் பார்த்தார். நான் வாயை இறுக்கி மூடி, தெரியாது என்று தலையை ஆட்டினேன். வேலையில் சேர்ந்த பிறகு அவர் சொன்னதை நான் அப்படியே செய்தது அன்றுதான். அவரே நம்ப முடியாமல் மேடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“யாருன்னுதான் தெரியலையே” என்றார் அந்தப் பெண். “எல்லாருக்குமா சேத்து ஒண்ணு செய்வோம். குழுவுல இருந்து மாசாமாசம் வீட்டுக்கு ரெண்டு கிலோ பருப்பு வாங்கிப் போடுவோம். அவளுக்கும் போய்ச் சேந்துரும்ல?”

“நல்ல ரோசனைதான்” என்றார் தலைவி. “எனக்கெல்லாம் வேண்டாம். ஆனா எல்லாரும் வாங்கும்போது நான் மட்டும் வாங்கலேன்னா நல்லா இருக்காது. சும்மா வாங்கி வைக்கேன்.”

“பாசிப்பருப்பா, துவரம்பருப்பா யக்கா?”

“துவரைதான். பாசிப்பருப்புக்கு எனக்கு வாயு வந்துரும்” என்றார். சொல்லி முடித்ததும் சட்டென்று நிறுத்திக்கொண்டு, “அதாவது, திங்கிற அவளுக்கு” என்றார். முப்பது பேரில் ஒருவரும் சிரிக்கவில்லை. மண் சார் எழுந்து, துவரையைக் கடையில் வாங்குவதைவிட வரப்பில் விதைக்கலாம் என்று ஆரம்பித்தார்; எந்த வரப்பு, யார் வரப்பு, வரப்பில் விதைத்தால் ஆடு மேய்ந்துவிடாதா என்று அங்கே ஒரு சண்டை மூண்டது. ஆடு யாருடையது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதையும் நான் சொல்லவில்லை.